மானிட்டரைவிடப் பெரிய படம்: ஒரு பழைய யோசனையின் கதை

போன பதிவு சிறுவாணித் தண்ணீர் பற்றி. இந்தப் பதிவு அதற்குத் துளியும் சம்பந்தமில்லாத விஷயம். கம்ப்யூட்டர் கேம். "பரீட்சை நேரத்தில் இது தேவையா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இது கேம் பற்றிய பதிவு இல்லை, வரலாற்றுப் பதிவு. நம்புங்கள் :-)

விஷயம் இப்படி ஆரம்பித்தது. எங்கள் வீட்டு மானிட்டர் பெரியப்பா பையனிடமிருந்து எனக்கு வந்தது. பதினெட்டரை இஞ்ச், 1366×768. அண்ணன் வேலை கிடைத்துப் போனபோது மானிட்டர் எனக்கு, கிரிக்கெட் பேட் தம்பிக்கு என்று பாகப் பிரிவினை நடந்தது. கிராபிக்ஸ் கார்டு மட்டும் நானே காசு சேர்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆக, கார்டு மானிட்டரைவிட நாலைந்து வயது இளையது. இது முக்கியம், பிறகு வருகிறேன்.

வகுப்பில் ஒரு நண்பன் சொன்னான்: "டேய், என் மானிட்டர் 768-தான். ஆனா நான் செட்டிங்ஸ்ல மாத்தி 4கே-ல ஆடறேன்." இன்னொருவன் சிரித்தான். நான் வீட்டுக்கு வந்து அதையே செய்து பார்த்தேன். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் தெருவோர ஒயர்கள் எப்போதும் துண்டு துண்டாக மின்னும். அன்றைக்கு மின்னவில்லை. முழுசாகத் தொங்கின.

பின்னால் நின்று பார்த்த அப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, மானிட்டர்ல இருக்கறது அத்தனை புள்ளிதானே? இல்லாத புள்ளிய எப்படிக் காட்டும்?"

சரியான கேள்வி. அப்பா புது மானிட்டர் வாங்கித் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. செட்டிங்ஸிலேயே வேலை முடிந்துவிடும் என்றால் அந்தக் காசு மிச்சம். முடியாது என்றால் நான் சொன்னது பொய். எனவே உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடப்பது என்ன?

கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் கேமிடம் ஒரு பொய் சொல்கிறது: "இந்த மானிட்டர் ரொம்பப் பெரியது." கேமும் நம்பி, பெரிய படமாக வரைந்து தருகிறது. கார்டு அந்தப் பெரிய படத்தைச் சுருக்கி, மானிட்டருக்கு அதன் சொந்த அளவில் அனுப்புகிறது. மானிட்டருக்கு எதுவுமே தெரியாது. என்விடியா இதை டிஎஸ்ஆர் என்கிறது, ஏஎம்டி விஎஸ்ஆர் என்கிறது.

இதில் எண்களைப் பார்த்து ஏமாறக்கூடாது. டிஎஸ்ஆரில் 4.00 என்று போட்டால் நீளமும் அகலமும் நான்கு மடங்கு ஆகாது. மொத்தப் புள்ளிகள்தான் நான்கு மடங்கு. நீள அகலம் இரண்டு மடங்கு மட்டுமே. 1366×768 என்பது 2732×1536 ஆகும். அதாவது சுமார் 10.5 லட்சம் புள்ளிகளுக்குப் பதிலாக 42 லட்சம் புள்ளிகளைக் கார்டு வரைய வேண்டும். 1920×1080 மானிட்டர் வைத்திருப்பவருக்குத்தான் 4.00 என்பது 3840×2160, அதாவது 4கே. ஆக, நண்பன் ஆடியது 4கே இல்லை. முதல் கணக்கு முடிந்தது.

படிக்கட்டு எங்கிருந்து வந்தது?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கொங்கு நாட்டில் தறி தெரியாதவர் யார்? சேலை பார்டரில் மாங்காய் டிசைன் போட வேண்டுமென்றால் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். மாங்காயின் வளைவு கட்டங்களில் விழும்போது படிக்கட்டு ஆகிவிடும். கட்டத்தில் பாதி நிறம் என்பது கிடையாது. இழை ஒன்று மேலே வரும், இல்லை கீழே போகும். கட்டம் சிறிதாக ஆக, வளைவு அழகாகும்.

மானிட்டரும் ஒரு தறிதான். ஒவ்வொரு பிக்சலின் நடுவிலும் நின்று கம்ப்யூட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: "இந்த இடத்தில் ஒயரா, வானமா?" ஒயர் பிக்சலைவிட மெல்லியது என்றால், சில இடத்தில் கேள்வி ஒயர்மேல் விழும், சில இடத்தில் தவறிவிடும். ஒயர் துண்டாகிறது. நாம் நடக்கும்போது கேள்வி விழும் இடங்கள் மாறுவதால் ஒயர் மின்னுகிறது. பழைய படங்களில் தேர்ச்சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். விநாடிக்கு 24 படம் மட்டும் எடுப்பதால் வரும் கோளாறு அது. இரண்டும் ஒரே வியாதி. ஏலியாசிங் என்று பெயர்.

மருந்தும் ஒன்றுதான். அதிகமாகக் கேள்வி கேள். ஒரு பிக்சலுக்குள் நான்கு இடத்தில் கேட்டு, ஒன்று மட்டும் "ஒயர்" என்றால் அந்தப் பிக்சலுக்குக் கால் பங்கு கருமை. ஒயர் மெலிதாக, ஆனால் முழுசாகத் தெரியும். பெரிதாக வரைந்து சுருக்குவது இதைத்தான் செய்கிறது.

அப்பாவுக்கு இப்படித்தான் சொன்னேன். அவர் கணபதியில் லேத்து பட்டறையில் வேலை செய்பவர். "அப்படிச் சொல்லு. பெரிய பீஸ எடுத்துக் கடைஞ்சு அளவுக்குக் கொண்டாற்ற மாதிரி" என்றார். நான் எழுதிய மூன்று பத்தி அவருக்கு ஒரு வரி!

கேமுக்கு முன்னால்

இது கேம்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1977-ல் ஃபிராங்க் குரோ என்பவர் கம்ப்யூட்டர் வரையும் படங்களில் வரும் ஏலியாசிங் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். படிக்கட்டு என்பது திரையின் குறை இல்லை, நாம் மாதிரி எடுக்கும் முறையின் குறை என்பதைத் தெளிவாக வைத்த கட்டுரைகளில் அது முக்கியமானது.

அடுத்து லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவு. 1986-ல் தனியாகப் பிரிந்து பிக்சார் ஆனதே, அந்தக் கூட்டம். சினிமா திரையில் படிக்கட்டு தெரிந்தால் கதை கந்தல். அங்கிருந்த ராபர்ட் குக் 1986-ல் எழுதிய கட்டுரையில் ஒரு அருமையான யோசனை: கேள்விகளை வரிசையாகக் கேட்காதே, கொஞ்சம் தாறுமாறாகக் கேள். வரிசையாகக் கேட்டால் தவறும் வரிசையாக வந்து கண்ணில் குத்தும். தாறுமாறாகக் கேட்டால் தவறு மணல்போலப் பரவிவிடும், கண் அதைப் பொருட்படுத்தாது. நம் விழித்திரையிலும், நடுப்பகுதிக்கு வெளியே, ஒளி உணரும் செல்கள் கட்டம் கட்டமாக இல்லாமல் ஒழுங்கற்றுத்தான் இருக்கின்றன. இயற்கைக்கு இந்த வித்தை முன்பே தெரிந்திருக்கிறது.

ஆனால் சினிமாவில் ஒரு படத்தை வரைய மணிக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளலாம். கேமில் விநாடிக்கு 30, 60 படம் வேண்டும். அதனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது வர 2000 ஆனது.

2000: சரியான யோசனை, தவறான நேரம்

நம் பக்கம் பிரவுசிங் சென்டர் காலத்தை நினைவுள்ள அண்ணன்மார்களுக்கு ஐ.ஜி.ஐ. கேம் தெரியாமல் இருக்காது. ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. வெளிவந்தது 2000 டிசம்பரில். கம்பி வேலி, கண்காணிப்பு கோபுரம் எல்லாம் படிக்கட்டுதான். அதே 2000 டிசம்பரில் இன்னொன்று நடந்தது. 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனி தன் முக்கியச் சொத்துகளை என்விடியாவுக்கு விற்பதாக அறிவித்தது.

3டிஎஃப்எக்ஸ் சாதாரணக் கம்பெனி இல்லை. 1996-ல் வந்த அவர்களின் வூடூ கார்டுதான் வீட்டுக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண கேமைப் பரவலாக்கியது. 2000-ல் அவர்கள் கொண்டுவந்த வூடூ5 5500 கார்டின் பெருமையே இந்தப் படிக்கட்டு நீக்கம்தான். இரண்டு சிப் சேர்ந்து ஒரு பிக்சலுக்கு நான்கு சாம்பிள் எடுக்கும். அந்த நான்கையும் சதுரமாக வைக்காமல், சதுரத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார்கள்.

சாய்ப்பதில் என்ன லாபம்? கிட்டத்தட்டக் கிடையாக ஓடும் ஒரு ஒயரை எண்ணிப் பாருங்கள். நான்கு சாம்பிளும் இரண்டு வரிசையாக நின்றால் இரண்டே உயரம்தான். பூஜ்யம், பாதி, முழுசு என்று மூன்றே நிலை கிடைக்கும். சாய்த்தால் நான்கும் நான்கு உயரத்தில் நிற்கும். பூஜ்யம், கால், அரை, முக்கால், முழுசு. அதே நான்கு சாம்பிள், வழுவழுப்பு மட்டும் கூடுதல். போட்டியாளரான என்விடியாவின் அன்றைய ஜீஃபோர்ஸ் கார்டுகளோ பெரிதாக வரைந்து சுருக்கும் நேர்வழியில், சதுர வரிசையில்தான் செய்தன.

அப்புறம் ஏன் 3டிஎஃப்எக்ஸ் தோற்றது? கார்டு தாமதமாக வந்தது, போட்டிக் கார்டுகள் வேகமாக இருந்தன, கம்பெனியின் நிதி நிலையும் மோசம். இதெல்லாம் எல்லோரும் சொல்வது. எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம்: அன்றைய மானிட்டர்.

அன்று மேஜைமேல் இருந்தது பெட்டி மாதிரியான சிஆர்டி. அதற்கு 'சொந்த ரெசல்யூஷன்' என்று ஒன்று கிடையாது! 640×480 கொடுத்தாலும் காட்டும், 800×600, 1024×768 கொடுத்தாலும் காட்டும். பெரிய மானிட்டர் 1600×1200-கூடக் காட்டும். 800×600-ல் நான்கு சாம்பிள் எடுக்கும் உழைப்பும், 1600×1200-ல் நேராக வரையும் உழைப்பும் ஏறக்குறைய ஒன்று. இரண்டிலும் 19 லட்சத்து 20 ஆயிரம் புள்ளி. "சுருக்குவானேன்? அப்படியே பெரிதாகக் காட்டிவிட்டுப் போயேன்" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதோடு அன்றைய கார்டுகளுக்கு உபரிச் சக்தியே இல்லை. பசியோடு இருப்பவனிடம் அன்னதானம் போடச் சொன்ன கதை.

குறுக்கு வழிகளும் அவற்றின் விலையும்

2001-ல் ஜீஃபோர்ஸ்3 மல்டிசாம்பிளிங் என்ற சிக்கனத்தோடு வந்தது. ஓரங்களில் மட்டும் அதிகக் கேள்வி, உள்பக்க நிறத்தை ஒரே தடவை கணக்குப் போட்டால் போதும். படிக்கட்டு இருப்பது ஓரத்தில்தானே? புத்திசாலித்தனம்தான். பல வருடம் நன்றாக ஓடியது.

பிறகு கேம்கள் வெளிச்சத்தைக் கணக்கிடும் முறையை மாற்றின. முதலில் பொருள்களின் விவரத்தைத் திரைமுழுக்கச் சேமித்துவிட்டு, வெளிச்சத்தைக் கடைசியில் போடும் முறை. 2007-ல் வந்த ஸ்டாக்கர் கேம் இதற்கு ஒரு பெயர்பெற்ற உதாரணம். இந்த முறையோடு மல்டிசாம்பிளிங் ஒத்துப்போகவில்லை. இலை, கம்பி வலை, பளபளக்கும் தரை இவற்றின் மினுமினுப்பையும் அது சரிசெய்யாது.

2009-ல் இன்டெலின் அலெக்சாண்டர் ரெஷெடாவ் எம்.எல்.ஏ.ஏ. கொண்டுவந்தார் (தொகுதிப் பக்கம் வராத எம்.எல்.ஏ. இல்லை, இது வேறு!). வரைந்து முடித்த படத்தில் படிக்கட்டைத் தேடிப் பிடித்து மழுப்புவது. என்விடியாவின் எஃப்எக்ஸ்ஏஏ-வும் இதே ஜாதி. வேகம் உண்டு. ஆனால் கேள்வி கேட்கும்போதே தவறிப்போன ஒயரை மழுப்பலால் திரும்பக் கொண்டுவர முடியாது. எழுத்துகளும் சேர்ந்து மங்கும்.

2012, 2014: யோசனை திரும்பி வந்தது

இதற்கிடையில் மேஜை மாறிவிட்டது. சிஆர்டி போய் எல்சிடி வந்தது. எல்சிடிக்குப் புள்ளிகள் தொழிற்சாலையிலேயே எண்ணி வைத்தவை. அதற்குமேல் காட்டாது. 'சொந்த ரெசல்யூஷன்' என்ற வார்த்தைக்கே அப்போதுதான் அர்த்தம் வந்தது. மானிட்டர் 1366×768-லும் 1920×1080-லும் வருடக்கணக்கில் நின்றுவிட, கார்டுகள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. எங்கள் வீட்டு நிலைமைதான் எல்லார் வீட்டிலும். மானிட்டர் பழுதானால்தான் மாற்றுவோம். கார்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

உபரிச் சக்தி வந்தவுடன் ஆட்கள் அதைச் செலவழிக்க வழி தேடினார்கள். டிரைவரில் தனி ரெசல்யூஷனைக் கையால் எழுதி, மானிட்டரை ஏமாற்றும் வித்தை முதலில். தப்பானால் திரை கறுப்பாகிச் சில விநாடி வயிறு கலங்கும். 2012 ஆகஸ்டில் டார்க் சோல்ஸ் கேம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, செட்டிங்ஸில் என்ன வைத்தாலும் உள்ளுக்குள் 1024×720-லேயே வரைந்தது. டுராண்டே என்ற பெயரில் இயங்கும் பீட்டர் தோமன், கேம் வந்த அன்றே டிஎஸ்ஃபிக்ஸ் என்ற சின்ன மென்பொருளை வெளியிட்டு அந்தப் பூட்டை உடைத்தார். விரும்பியவர்கள் மானிட்டரைவிடப் பெரிதாகவே வரைந்து சுருக்கிக்கொண்டார்கள். 2014-ல் கெடோசாட்டோ என்று, பல கேம்களுக்கும் பொதுவான கருவியும் அவரிடமிருந்து வந்தது.

அதே 2014 செப்டம்பரில் ஜிடிஎக்ஸ் 970, 980 கார்டுகளோடு என்விடியா டிஎஸ்ஆரை அறிவித்தது. டிசம்பரில் ஏஎம்டியின் விஎஸ்ஆர். ரசிகர்கள் திருட்டுத்தனமாகச் செய்ததற்கு டிரைவரில் ஒரு டிக் பாக்ஸ் கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்த முரண்: 3டிஎஃப்எக்ஸை விழுங்கிய என்விடியா, பதினான்கு வருடம் கழித்துப் புது வசதி என்று கொண்டுவந்தது, 2000-ல் தன் ஜீஃபோர்ஸில் செய்த அதே பெரிதாக வரைந்து சுருக்கும் வேலையைத்தான். சுருக்கும் வடிகட்டி மட்டும் புதிது. யோசனை மாறவில்லை. மேஜையும் காலமும் மாறிவிட்டன.

2018-க்குப் பிறகு

2018-ல் ஆர்டிஎக்ஸ் கார்டுகளோடு டிஎல்எஸ்எஸ் வந்தது. கதை தலைகீழ். சிறிதாக வரைந்து, நரம்பியல் வலையமைப்பை வைத்துப் பெரிதாக்குவது. 4கே மானிட்டர் வந்ததும் சக்திக்கு மறுபடி பஞ்சம் வந்துவிட்டது, அவ்வளவுதான். 2022 ஜனவரியில் டிஎல்டிஎஸ்ஆர் என்று இரண்டையும் கலந்தார்கள். பெரிதாக வரை, ஆனால் 2.25 மடங்கு மட்டும் வரை, சுருக்கும் வேலையை வலையமைப்பு பார்த்துக்கொள்ளும். பழைய 4 மடங்குக்கு நிகரான படம் என்பது என்விடியாவின் கூற்று. இதற்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். என்னிடம் இல்லை :-(

அப்பாவுக்குச் சொன்ன பதில்

இல்லாத புள்ளியை யாராலும் காட்ட முடியாது. அப்பா சொன்னது சரி. 768 வரிசை மானிட்டர் 768 வரிசைதான் காட்டும். மாறுவது ஒவ்வொரு புள்ளியின் நேர்மை. முன்பு ஒரே ஒரு சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பு, இப்போது நான்கு சாட்சி.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம்:

1. பழைய கேம், புது கார்டு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். புது கேமில் கார்டு மூச்சு வாங்கும். எனக்கு ஒரு புது கேமில் ஃபிரேம் பாதிக்கும் கீழே போனது, யுபிஎஸ் வேறு கத்த ஆரம்பித்தது.

2. முடிந்தால் 4.00 வையுங்கள். நான்கு புள்ளி சரியாக ஒரு புள்ளிக்குள் மடங்கும், எனவே ஸ்மூத்னஸ் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். 1.50 மாதிரி அரைகுறை எண்களில் புள்ளிகள் ஒழுங்காக மடங்காது, அந்த மங்கலாக்கும் வடிகட்டி கொஞ்சமாவது வேண்டும்.

3. கேமுக்குள் எழுத்து, மேப் எல்லாம் சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்துவிடலாம். எழுத்தின் அளவை மாற்ற வழியில்லாத கேமில் விட்டுவிடுங்கள்.

4. டெஸ்க்டாப்பில் இதை வைத்துக்கொண்டு ப்ரோக்ராம் எழுதாதீர்கள். கண் வலிதான் மிச்சம்.

இந்த நான்காவது விஷயத்தில்தான் என் கணக்கு தோற்றது. கேமுக்கு மானிட்டர் தேவையில்லை என்று அப்பாவிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அதே மானிட்டரில் தங்கச்சி ஆன்லைன் கிளாஸ் பார்க்கிறாள், நான் ப்ராஜெக்ட் எழுதுகிறேன். அங்கே வேண்டியது நிஜமான புள்ளி. பெரிதாக வரைந்து சுருக்கினால் ஒயர் முழுசாகும், ஆனால் திரையில் இன்னும் பத்து வரி கோடு கூடுதலாகத் தெரியாது. அதையும் சொன்னேன்.

"அப்ப கேமுக்கு வேண்டாம், படிக்க வேணும்ங்கறே?" என்றார்.

"ஆமாங்ப்பா."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தீபாவளி போனஸ் வரட்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. அதுவரை ஒயர்கள் முழுசாகத் தொங்கட்டும்.

அடுத்த பதிவு, தேர்வு முடிந்து. பாஸ் ஆனால் :-)